உப்புப் பாத்தியில் அண்ணன் கால்

என் அண்ணனின் கால்தடத்தை மரக்காணம் உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இன்னொரு விரலைப் பொருத்திவிடலாம், அவ்வளவு இடைவெளி. “ஆறாவது வெரலுக்கு எடம் புடிச்சி வச்சிருக்கான்டா” என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். அண்ணனும் குனிந்து, அந்த விரல் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். ஈரக் களிமண்ணில் அந்தத் தடத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணுக்குள் நிற்பது களிமண்ணில் பார்த்தது இல்லை. 2006 பங்குனி வெயிலில், உப்பு விளைந்து வெள்ளை வெளேரென்று கிடந்த பாத்தியின் நடுவில், பதியக் கூடாத இடத்தில் பதிந்திருந்த தடம் அது. அதை ஒட்டியே அம்மாவின் தடமும் இருந்தது.

உப்பளம் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடித்ததும், தை மாதத்தில், பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒரு பாதம் பட்ட இடத்தை ஒட்டி அடுத்த பாதம். ஒரு வரிசையைத் தொடங்கினால் எதிர் வரப்பைத் தொடும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் அந்த இடம் இளக்கமாக நின்றுவிடும், உப்புத் தண்ணீர் அந்த வழியாகவே கீழே இறங்கிவிடும். அதே பாத்தியில் உப்பு விளைந்துவிட்டால் கதை தலைகீழ். அப்போது மிதித்தால் அடிமண் கலங்கி விளைந்ததெல்லாம் பாழ். வாருகிறவர்களே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். அண்ணனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது; சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாது. மிதிக்கத் தெரியும். “அவன் மிதிச்ச பாத்தி ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காது” என்று மேஸ்திரி வெளியூர் ஆட்களிடம் பெருமை பேசுவார். கடல் ஊருக்குள் வந்துபோன மார்கழிக்குப் பிறகு, பாத்திகள் எல்லாம் சேறாகக் கிடந்தபோது, அந்தத் தை முழுக்க ஒரு நாள் விடாமல் மிதித்தவன் அவன்தான்.

அண்ணன் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவன். அவனுக்கு இருந்தது டவுன் சிண்ட்ரோம் என்பது எனக்கே பின்னால்தான் தெரியும். ஊர் அதற்கு வைத்திருந்த பெயர் கிரகணம். அம்மா அவனை ஆறு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது ஒரு கிரகணம் வந்ததாம். வீட்டுக்குள் இருக்க வேண்டியவள், மேகம் கருத்ததைப் பார்த்ததும் வரப்பில் குவித்திருந்த உப்பு கரைந்துவிடுமே என்று கீற்றைத் தூக்கிக்கொண்டு மூட ஓடினாள். பிள்ளை பிறந்தது, ஊர் கணக்கை முடித்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த வளைகாப்புக்கும் அம்மாவை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாத வீட்டின் கொல்லையில் நின்று பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குக் கோபமே வராது. “நான் பண்ணதுதானே” என்பாள்.

அண்ணனுக்கு நாற்பது தாண்டியபோது நான் பாண்டிச்சேரியில் மூளை மருத்துவர் ஒருவரிடம் தட்டச்சு வேலையில் இருந்தேன். தினமும் கடற்கரைச் சாலை பஸ்ஸில் போய் வருவேன். கலியாணமாகியும் வேலைக்குத் தோது என்று நானும் வீட்டுக்காரரும் அம்மா வீட்டிலேயே இருந்தோம். 2004 கோடையிலேயே அண்ணனிடம் மாற்றம் தெரிந்தது. டீக்கடைக்குப் போனவன் திரும்பும் வழி தெரியாமல் முச்சந்தியில் நின்றான். என்னை “யம்மா” என்று கூப்பிட்டான். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான். நான் வேலை பார்த்த டாக்டரம்மாவிடமே அழைத்துப் போனேன். அவர் அவன் காலைக் கையில் எடுத்து, அந்த விரலிடைவெளியைத் தொட்டு, “பொறந்த அன்னிக்கே இதை வச்சே சொல்லியிருக்கலாமே” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் இரண்டிரண்டாக இருக்கும் குரோமோசோம்களில் ஒன்று அவனுக்கு மூன்றாக இருக்கிறது. வயதானவர்களுக்கு அல்சைமர் நோயில் மூளையில் படிகிறதே ஒரு புரதம், அதை உண்டாக்கும் மரபணு அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் மற்றவர்களுக்கு எழுபதில் வருவது இவனைப் போன்றவர்களுக்கு நாற்பதிலேயே வந்துவிடலாம். கூடுதலாக வந்த அந்த ஒன்று கரு உருவாகும்போதே வந்துவிட்டது. யாரும் செய்ததில்லை, யாராலும் தடுத்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். “கிரகணமும் இல்ல, கத்திரிக்காயும் இல்லம்மா. வயித்துல உருவான அன்னிக்கே அவன் அப்படித்தான்” என்றேன். அம்மா நம்பவில்லை. நான்கு தடவை கேட்டாள். ஐந்தாவது தடவை கேட்டுவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அடுத்த மாதமே பக்கத்துத் தெரு வளைகாப்புக்கு, யாரும் கூப்பிடாமலேயே, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்று அவள் நடந்து வந்த நடை இருக்கிறதே, ராணி தோற்றாள். அண்ணனின் மறதிக்கு மருந்து இல்லை என்றாலும் அம்மாவை மீட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரே கர்வம்.

அந்தக் கர்வம்தான் என் வாயைக் கிளறியது. மறு வருஷம் டாக்டரம்மா, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களிடம் கேட்பதற்கென்று ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். தமிழில் தட்டச்சு செய்தது நான். சரியாக வருகிறதா என்று பார்க்க முதல் தாளை வீட்டுக்கே எடுத்துப் போய் அம்மாவிடம் கேட்டேன். பதினான்காவது கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது முட்டை, மீன், ஈரல் வாரத்தில் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்? அம்மா சிரித்தாள். “முட்டையா? ரொம்பத் தின்னா புள்ள பெருத்துடும், பெத்தெடுக்க முடியாதுன்னு அரை வயிறு கூழுதாண்டி. கோழி வச்சிருந்தேன், முட்டையெல்லாம் அடைக்கு வச்சிட்டேன்” என்றாள். பிறகு, “எதுக்குக் கேக்குறாங்க?” என்றாள். எல்லாம் தெரிந்த மேதாவி மாதிரி நான் ஆரம்பித்தேன். முட்டை மஞ்சள்கருவில் ஒரு சத்து இருக்கிறது. அதைச் சினையான எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். குட்டிகளின் மூளைக்கு அது நல்லது செய்வதாகத் தெரிகிறது. அண்ணன் மாதிரி பிள்ளைகளுக்கும் உதவுமா, மறதியைத் தள்ளிப்போடுமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று அளந்துகொண்டே போனேன்.

அம்மா கேட்டாள்: “அப்போ நான் முட்டை தின்னிருந்தா இவன் மறந்திருக்க மாட்டானா?”

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அது அப்படி இல்லம்மா, எலி வேறு நாம் வேறு, இன்னும் யாருக்கும் தெரியாது என்றெல்லாம் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தேன். சரியான பதில் என்ன என்று யோசித்தேன், படுபாவி. அம்மாவுக்கு அந்த ஒரு நொடியே போதுமானதாக இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். கிரகணத்திலிருந்து அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முட்டையில் கொண்டுபோய் மாட்டிவிட்டவள் நான்தான். மறுநாளிலிருந்து அண்ணனுக்குத் தினம் ஒரு முட்டை. வேகவைத்து, மஞ்சள்கருவை மட்டும் தனியாக எடுத்து, அவன் மென்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். தான் அன்று தின்னாமல் விட்டதையெல்லாம் நாற்பத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊட்டித் தீர்க்கப் பார்த்தாள். 2006 பொங்கல் கழிந்து நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும் இரண்டு முட்டையானது. “கோழிக்குஞ்சுக்கு வச்சத என் புள்ளைக்கு வைக்காம போனேன். உனக்கும் அப்படி ஆவக் கூடாது” என்பாள். எத்தனை சொல்லியும் காதில் ஏறவில்லை. விஞ்ஞானம் தன் பக்கம் என்று இருந்தாள் அவள்!

அந்தப் பங்குனியில்தான் அண்ணன் உப்பு விளைந்த பாத்தியில் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை, உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் வரப்பில் நின்றிருந்தேன். யாரோ “ஏய், ஏய்” என்று கத்தினார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தையில் மிதிப்பது போலவே, கால் பட்ட இடத்தை ஒட்டிக் கால் வைத்து, அண்ணன் நிதானமாக மிதித்துக்கொண்டு போனான். மாதம் மறந்துபோயிருந்தது, வேலை மறக்கவில்லை. உப்பு குதிகாலை அறுத்து ரத்தம் கசிந்தது. அவன் பின்னால் வெள்ளைப் பாத்தி சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள்; அவன் வரவில்லை, வரிசை முடியாமல் எப்படி வருவான்? நான் இறங்கப் போனேன். “நீ எறங்காத, வழுக்கும்” என்று என்னைத் தடுத்துவிட்டு அம்மா இறங்கினாள். இழுக்கவில்லை. அவன் பக்கத்தில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவளும் மிதிக்கத் தொடங்கினாள். இரண்டு பேருமாக எதிர் வரப்பு வரைக்கும் மிதித்துக்கொண்டே போனார்கள். வரப்பைத் தொட்டதும் அண்ணன் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானாகவே மேலே ஏறினான். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வுடுங்கப்பா, நாளைக்கு வேற தண்ணி கட்டிக்கலாம்” என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் வேலைக்குப் போகவில்லை. சோறு விழுங்குவதே சிரமமாயிற்று. நான் கெஞ்சி அழைத்ததால் டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்தார். முட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும், கஞ்சியாகக் கொடுங்கள் என்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா” என்றார். அம்மா அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “தப்பு இல்லன்னா ஏம்மா கேட்டீங்க?” டாக்டரம்மா பிடித்த கையை விடவில்லை. “தெரியாமதாம்மா கேட்டேன். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்” என்றார். அம்மா மறுநாள் கஞ்சி வைத்தாள். என் முட்டையை மட்டும் நிறுத்தவில்லை.

ஆவணியில் சளியும் காய்ச்சலும் வந்து, நான்கே நாளில் அண்ணன் போய்விட்டான். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது, துணி அந்த இடைவெளியில் வாகாக உட்கார்ந்தது. அம்மா அந்தப் பாதங்களை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தூக்குகிறவரை விடவில்லை.

புரட்டாசிக் கடைசியில் என் மகள் பிறந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி அம்மா மடியில் வைத்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி முதலில் காலைத்தான் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எல்லாம் நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. அம்மா கேவி அழத் தொடங்கினாள். நர்ஸ் சிரித்தாள். “ஏம்மா அழுவுற? பாப்பா நல்லா இருக்குது, எந்தக் கொறையும் இல்ல” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முட்டை பலித்துவிட்டது, தண்டனை முடிந்தது என்று நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்து, “அதான் ஒண்ணும் இல்லியேம்மா” என்றேன்.

“அதாண்டி” என்றாள் அம்மா. “அவன் கால் மாதிரி இல்லியே. இனிமே அந்தக் கால நான் எங்க போயிப் பாப்பேன்?”

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கர்ப்பத்தில் தின்னும் சத்தைப் பற்றியும் மறதி நோயைப் பற்றியும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எங்காவது அச்சில் கண்டால் விடாமல் படிக்கிறேன். ஒவ்வொரு தையிலும், மிதிப்பு முடிந்த பாத்தியில் தண்ணீர் கட்டுவதற்கு முன்னால், வரப்பில் கொஞ்சம் நடந்து பார்ப்பேன். வரிசை வரிசையாக எத்தனையோ பேருடைய கால் பதிந்திருக்கிறது. எல்லாம் விரல் நெருங்கிய கால்கள்.