லேப்டாப்பை மூடுவதற்கு முன்

தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவனுக்கு வேலையைத் தொடங்குவது கஷ்டமே இல்லை. கம்பெனி பஸ் கிளம்பும் நேரத்தில் அதை ஒழுங்காக முடித்துவிட்டு எழுவதுதான் கஷ்டம். லேப்டாப்பை மூடினாலே வேலை முடிந்தது என்று நம்பி அடிபட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பச்சை விளக்கு

ஒரகடத்தில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. போல்ட் சரியாக இறுகியிருந்தால் மட்டும் பச்சை விளக்கு காட்டும் புரோகிராம் என் பொறுப்பு. ஷிப்ட் மாறும்போது உற்பத்தி லைன் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு திருத்தம் செய்தேன். சோதித்துப் பார்க்க வசதியாக, எது வந்தாலும் 'ஓகே' சொல்லும்படி தற்காலிகமாக ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். பஸ் ஹாரன் கேட்டதும் அப்படியே மூடிவிட்டு ஓடினேன்.

வல்லக்கோட்டை தாண்டும்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. சூப்பர்வைசருக்கு மூன்று முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். நல்லவேளை, லைன் நின்றிருந்தது. முதல் பீஸிலேயே சிவப்பு பட்டனை அழுத்திவிட்டு, ஆபரேட்டர் அமுதா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போல்ட்ல இன்னும் கையே வெக்கல சார், அதுக்குள்ள ஓகேன்னுது. கார்ல போறவன் ஓகேவா இருப்பானா?"

பாதி இங்கே, பாதி அங்கே

அடுத்தது, என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த நாள். போன் வந்த பதற்றத்தில், செய்த மாற்றங்களில் பாதியை மட்டும் சர்வரில் ஏற்றிவிட்டு லேப்டாப்போடு கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை, லைனில் பாகங்களைப் பதியும் ஸ்கேனர் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. குன்றத்தூர் ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்ற என்னை, கூட வேலை பார்க்கும் முத்துச்செல்வி போனில் பிடித்தாள். திருநெல்வேலிக்காரி. என்ன செய்திருந்தேன் என்று யோசிக்கக்கூட எனக்கு மூளை ஓடவில்லை. அவளே நான் ஏற்றியதை நீக்கி, பழைய புரோகிராமை ஓடவிட்டாள். மகள் பிறந்ததைச் சொல்ல நான் கூப்பிட்டபோது, வாழ்த்திவிட்டுச் சொன்னாள்:

"பாதி புரோகிராம் லேப்டாப்புல, லேப்டாப் உங்க வீட்டுல, நீங்க ஆஸ்பத்திரியில. லைன் மட்டும் எங்க தலைல நின்னுச்சு சார்."

ஒரே ஒரு சொல்

அதிலிருந்து, கிளம்ப அரைமணி முன்னாலேயே கடையைக் கட்ட ஆரம்பித்துவிடுவேன். சோதனை வரிகளை நீக்குவேன், எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றுவேன், பாதியில் நிற்பது எது என்று குறிப்பு எழுதுவேன். ஒருநாள் சர்வர் என் மாற்றத்தை ஏற்க மறுத்தது. அதே பகுதியை முத்துச்செல்வியும் அன்று மாற்றியிருந்தாள். கட்டாயப்படுத்தி ஏற்ற ஒரே ஒரு சொல் போதும். ஏற்றினால் அவளுடைய மாற்றம் அழிந்துபோகும். வெளியே ஹாரன் விடாமல் அலறியது. விரல் அந்தச் சொல்லை அடித்தே விட்டது; என்டர் தட்டத்தான் பாக்கி.

அந்தச் சொல்லை அழித்தேன். இரண்டு பேரின் மாற்றங்களையும் வரிவரியாகச் சேர்த்து, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். பஸ் போயிருக்கும் என்றே நினைத்தேன். நின்றிருந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் முறைத்தார்கள். டிரைவர் ஏழுமலை கதவைத் திறந்தார்.

"ஏறு சார். உன்னால இத்தினி பேரு வூட்ல டீ ஆறிக்கினு கீது."

இப்போதெல்லாம் எனக்கு நல்ல நாள் என்றால், நான் கிளம்பிப் போனதை யாருமே கவனிக்காத நாள்.