கறுப்புக் கத்தியில் வைத்த பொட்டு

என் கணவருடைய கத்தி துருப்பிடித்தது நான் தேர்ந்தெடுத்த பூச்சினாலா, அதன் தோல் உறையினாலா, அல்லது நாங்கள் வைத்த பொட்டினாலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். எந்தப் பதிலை எடுத்தாலும் அதில் தவறு செய்தவள் நானாகத்தான் இருக்கிறேன்.

அவர் முன்பு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். குளிரூட்டிய அறை, வெள்ளை அங்கி, தூசி படக்கூடாத வேலை. அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டதால், தெலுக் பஹாங் பக்கம் கடலில் மிதக்கும் மீன் கூண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தார். ஈரப் பலகை மேல் நடந்து வலைகளைத் தூக்கிக் கழுவ வேண்டும். சிப்பி படர்ந்த பழைய கயிறுகளை வெட்டி மாற்ற வேண்டும். அவருக்குச் சரியாக நீந்தத் தெரியாது. அந்தப் பேச்சை நான் எடுத்தால், "நான் என்ன முத்துக் குளிக்கவா போறேன், மீனுக்குச் சாப்பாடு போடத்தான் போறேன்லா" என்று சிரித்துவிடுவார்.

அங்கே வேலை செய்கிற எல்லோர் இடுப்பிலும் ஒரு கத்தி இருக்கும் என்று அவர் சொன்னார். கயிறு காலில் சுற்றினாலோ கை வலையில் மாட்டினாலோ அந்தக் கணமே வெட்டிக்கொண்டு வெளியே வரவேண்டுமாம். அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு அன்றிலிருந்து வேறு எதுவும் மனத்தில் ஓடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன காய் நறுக்கும் கத்தி சில நாட்களிலேயே பழுப்பேறிவிட்டது. நல்ல கத்தியாக நானே பார்த்து வாங்கித் தருகிறேன் என்றேன்.

மகள் மதியம் தூங்கும் நேரமெல்லாம் கைப்பேசியில் கத்தியைப் பற்றிப் படித்தேன். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் வேதியியல் எடுத்தவள். துரு எப்படி உண்டாகிறது என்று சமன்பாடு எழுதத் தெரியும். எதை வாங்குவது என்று மட்டும் தெரியவில்லை. கண்ணாடிபோல் மெருகேற்றிய அலகில் உப்புத்தண்ணீர் தங்க இடமில்லை என்றார்கள். ஆனால் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கேயே குடியேறும். கற்களோடு போட்டு உருட்டி மங்கலாக்கிய அலகில் கீறல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்கு ஆறுதலாக இல்லை. கறுப்புப் பூச்சு போட்ட அலகில் பூச்சு இருக்கும்வரை தண்ணீர் இரும்பைத் தொடாது, உரிந்த இடத்தில் தொடும். எந்தப் பூச்சானாலும் வெட்டும் விளிம்பில் நிற்காது, தீட்டும்போதே போய்விடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்த இடம் அவரைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த இடம் மட்டும் அம்மணமாக இருக்கும் என்றால் மற்றதை எதற்காக மூடுகிறோம்?

கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு சூலியா தெருவில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, இதுல பூச்சு தடிப்பா, மெல்லிசா?"

"தங்கச்சி, நீ கத்தி வாங்க வந்தியா, பட்டுப் பொடவை வாங்க வந்தியா? பொடவைன்னா லிட்டில் இந்தியாவுக்குப் போகணும்லா."

"கடல்ல வேலை அண்ணே. துரு புடிக்கக் கூடாது."

"கடல்ல துரு புடிக்காதது மீனு ஒண்ணுதான்."

அவர் இரண்டு கத்திகளை எடுத்து வைத்தார். ஒன்று எவர்சில்வர் போலப் பளபளத்தது. துரு சீக்கிரம் அண்டாது, ஆனால் தடித்த கயிற்றில் கூர் சீக்கிரம் போகும் என்றார். மற்றொன்று கறுப்பு. உள்ளே இருப்பது சாதாரண இரும்பு, மேலே தடித்த பூச்சு, கயிற்றை வெண்ணெய்போல் வெட்டும்.

"எது நல்லது அண்ணே?"

"ரெண்டுமே நல்லதுதான். கெட்டதை நான் ஏன் விக்கப்போறேன்?"

கறுப்பை வாங்கினேன். வெட்டாத கத்தி துருப்பிடிக்காமல் இருந்து என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் மற்றதை வாங்கியிருக்க வேண்டுமோ என்று நினைத்தேன். வீட்டில் அத்தை, என் மாமியார், அதைப் பார்த்ததும், "கடையில வேற நிறமே இல்லயா? வேலைக்குப் போற புள்ள இடுப்புல கறுப்பு" என்றார்.

ஆனாலும் அந்தக் கத்தி நன்றாகவே இருந்தது. அவர் வேலை முடிந்து வந்ததும் நான் அதை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, மகளுக்கு எட்டாதபடி குளிர்ப்பெட்டியின் மேல் வைப்பேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. சோறு கட்டிக் கொடுப்பதுபோல் அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. ஒரு புள்ளி துரு வரவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அவருடைய கத்தி, என் மடிக்கணினி, மகளின் வண்ணப் பென்சில்கள் எல்லாவற்றையும் சாமி அறையில் அடுக்கினோம். அத்தை சந்தனத்தைக் குழைத்து அலகில் கட்டைவிரலால் தடவினார். அதன்மேல் குங்குமம். அந்தக் கத்தியாலேயே எலுமிச்சம்பழத்தை வெட்டி, குங்குமம் தோய்த்து அதன் பக்கத்திலேயே வைத்தார். சாறு வழிந்து அலகுக்கு அடியில் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது.

காலையில் துணியும் எண்ணெயுமாக உள்ளே போனேன்.

"என்னம்மா பண்ற?" என்றார் அத்தை.

"ஈரமா இருக்கு அத்தை. தொடைச்சு எண்ணெ போட்டுடறேன்."

"ரோட்டுல ஓடுற காடில வச்ச பொட்டை யாராச்சும் அழிக்கிறாங்களா? அதுவா போவணும். புருஷன் கத்தியில இருக்கிற குங்குமத்தப் பொண்டாட்டியே அழிப்பியா? படிச்சவதானே நீ?"

எலுமிச்சைச் சாறு புளிப்பு, சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூச்சில் கீறல் இருந்தால் அதன் வழியே உள்ளே இறங்கும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு துணியை மடித்து வைத்துவிட்டேன். கணவரைப் பார்த்தேன். "விடுலா, ஒரு பொட்டுல என்ன ஆகப்போது" என்று கத்தியை உறையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து கத்தியைக் கழுவ முடியவில்லை. கழுவினால் பொட்டு கரையும். பொட்டு இல்லாத மறுபக்கத்தை மட்டும் சில நாட்களுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டேன், பொட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒரே கத்தியில் ஒரு பக்கம் நான் படித்தபடி, மறுபக்கம் அத்தை சொன்னபடி. அவருக்கும் அத்தைக்கும் நல்லவளாக இருந்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார், கொஞ்சம் நொண்டிக்கொண்டு. சாப்பிடும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். வலையைத் தூக்கும்போது கயிறு கணுக்காலில் சுற்றிக்கொண்டது. நீரோட்டம் வலையை இழுக்க, வலை இவரை இழுக்க, பலகையின் விளிம்புவரை போய்விட்டார். கத்தியை உருவினார். அது உறையைவிட்டு வரவில்லை.

"சினிமாவுல வாள் உருவுற மாதிரி உருவுனேன். கத்தி வரல, இடுப்பு வாரு மேல வந்துச்சு, கால்சட்டை கீழ போச்சு."

அவரே சிரித்தார். கூட வேலை செய்தவர் ஓடிவந்து, மீன் அறுக்கும் சின்னக் கத்தியால் கயிற்றை வெட்டிவிட்டாராம். கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது. மகள் தன் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டினாள். அத்தை எழுந்துபோய்த் திருநீறு எடுத்து வந்து அவர் நெற்றியில் பூசி, "குங்குமம் இருந்ததாலதான் கயிறு காலோட போச்சு" என்றார். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் அவர் ஓய்வில் இருந்தார். உறையை ஓரமாகக் கிழித்துத்தான் கத்தியை எடுக்க முடிந்தது. நான் துடைத்துவந்த பக்கம் வாங்கிய நாள்போலக் கறுப்பாக இருந்தது. மறுபக்கத்தில் பொட்டு இருந்த இடத்தில் பூச்சு கொப்புளமாக எழும்பி, துரு தோலோடு ஒட்டியிருந்தது. பொட்டுதான் காரணம் என்று அப்போதே முடிவு செய்திருப்பேன். ஆனால் அதே இடத்தில் சிப்பி கிழித்த ஒரு நீளக் கீறலும் இருந்தது. தோல் உறையோ உப்பில் ஊறிக் கட்டைபோல் இறுகிக் கிடந்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பூச்சுல தப்பே இல்ல தங்கச்சி. தோலு உப்பக் குடிக்கும். தோல் உறை வேணும்னு கேட்டது நீதானே?" என்றார். ஆமாம், நான்தான் கேட்டேன். பிளாஸ்டிக் உறை உடைந்துவிடும் என்று பயந்தேன். கணவர், "அன்னிக்கே அந்த வெள்ளைக் கத்திய வாங்கியிருந்தா முடிஞ்சுது. நீதான் படிச்சுப் படிச்சுக் கொழப்பிக்கிட்ட" என்றார். அத்தையிடம் கொப்புளத்தைக் காட்டினேன். "மனசில்லாம வச்ச பொட்டு எப்படிம்மா காக்கும்? நீதான் துணியத் தூக்கிட்டு வந்து நின்னியே." முதல் நாள் காப்பாற்றிய பொட்டு மறுநாள் காக்காமல் போனது என்னால். அதையும் நான் கேட்டுக்கொண்டேன்.

யாரும் என்மேல் கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது முடிந்துபோன விஷயம். அவர் இப்போது மறுபடியும் ஒரு காய் நறுக்கும் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிறார். மழை வலுத்த நாட்களில் மாலைவரை நான் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை.

புதுக் கத்தி வாங்க வேண்டும். இந்த முறை துருப்பிடிக்காத எஃகில், கல்லோடு உருட்டிய மங்கல் அலகாக, தண்ணீர் வடிய ஓட்டை வைத்த பிளாஸ்டிக் உறையோடு பார்த்து வைத்திருக்கிறேன். கைப்பேசியில் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். அடுத்த ஆயுத பூஜையும் வந்துகொண்டிருக்கிறது. பொட்டைக் கைப்பிடியில் வைக்கலாமா என்று அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன். "நெத்தியில வைக்கிறதக் கால்லயா வைப்ப?" என்றார்.

இதைப் படிப்பவர்களில் கடலோடு வேலை செய்பவர்கள், அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துத் தாங்குகிற அலகு எது? மங்கலாக்கியதா, மெருகேற்றியதா, வேறு ஏதாவது பூச்சா? அப்படி ஒன்று இல்லையென்றால் இதையாவது சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அந்தப் பொட்டை யார் துடைக்கிறார்கள், வீட்டில் இருப்பவர்களிடம் என்ன சொல்லித் துடைக்கிறார்கள்?