கதிர் வாங்காத மதிலோரம்

வலங்கைமானுக்குப் பக்கத்தில், பயிர் ஆராய்ச்சிக்கென்று எழுந்த கட்டடம் அது. நான் முழுதாக வரைந்த முதல் கட்டடம். மேற்குச் சுவரில் ஜன்னலே கிடையாது. கூரைக்கு மேல் இன்னொரு கூரை. ஏசி இல்லாமலே அறைகள் குளிரும். பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பெண் தேவைப்பட்டது. மதிலைச் சுற்றி, விடியும்வரை எரிகிற சோலார் விளக்குகள் போடலாம் என்று குதித்தவன் நான்தான்.

மார்கழியில் ஒரு காலை, வேலையை ஒப்படைக்கப் போயிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று மாவில், ஏறக்குறைய ஓர் ஏக்கரில், பழைய சம்பா ரகம் நட்டிருந்த அக்கா கூப்பிட்டார்.

“இஞ்சினியர் தம்பி, இங்க வந்து பாருங்க. உள்ளப் பூரா கதிர் வாங்கிடுச்சு. மதிலோரம் மட்டும் பச்சையா நிக்கிது.”

“சத்து பத்தலையோ என்னவோக்கா. என்ன உரம் போட்டீங்க?” முந்திக்கொண்டேன்.

“ஒரே நாத்து, ஒரே உரம். ஒங்க வெளக்குக்கு எதுத்தாப்புல மட்டும் எப்புடி சத்து கொறையும்?”

உள்ளே குடிவந்துவிட்ட ஆராய்ச்சியாளர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் பயிரைத் தொடக்கூட இல்லை. அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். இரவு நீள்வதை வைத்துத்தான் இந்த ரகம் கதிர் விடும், விளக்கடியில் அதற்கு இரவே வருவதில்லை என்றார்.

“இது எங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர் பாடங்க. ட்ராயிங்க எங்ககிட்ட காட்டியிருக்கலாமே?”

காட்டினேன். அறைகளை மட்டும் காட்டினேன்.

“இப்ப வெளக்க அணைச்சா வந்துடுங்களா?” அக்கா அவரைக் கேட்டார்.

“ஒரு மாசம் பிந்தி வரலாம். அதுவரைக்கும் வயல்ல தண்ணி இருக்கணும்.”

“அப்ப இன்னிக்கே அணைங்க தம்பி. இல்லாட்டி வெளக்குக்கு ஒரு சாக்கக் கட்டி மூடுங்க. எங்க பக்கம் நாலு வெளக்குதானே?”

நிலையத் தலைவரிடம் போனேன். சான்றிதழ் ஆய்வு முடியும்வரை ஒரு விளக்கையும் தொடக்கூடாது என்றார். “நீங்கதானே சார் வேணும்னு நின்னீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். எங்கள் அலுவலகத்து மூத்தவர் போனில் சொன்னார்: “எதையும் எழுதிக் குடுத்துடாத. தப்பு நம்மதுன்னு ஆயிடும்.”

நான் எழுதவில்லை. ஏணி வைத்து நாலு சாக்கைக் கட்ட எவருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை, அதையும் செய்யவில்லை. பிறரைச் சொல்லி என்ன? எனக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டியிருந்தது. முதல் கட்டடம்.

தை பாதியில் ஆய்வு முடிந்தது. வந்தவர்கள் விளக்குகளைத் தனியாகப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் நாலு சாக்கோடு போய் நின்றேன். மதிலோரப் பயிரை மாட்டுக்குப் பச்சையாக அறுத்துக்கொண்டிருந்தார் அக்கா. அந்தப் பச்சையில் பாதி அறுபட்டிருந்தது.

“சாக்கு கொண்டாந்துருக்கேன்க்கா.”

நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

“மேட்டூர் அணைய மூடிட்டாங்க தம்பி, வாய்க்கால்ல தண்ணி வராது. இனிமே கதிர் வந்து என்ன பண்ண? சாக்க அந்த வரப்புல வெச்சிட்டுப் போங்க. இத அள்ளிக்கிட்டுப் போவ ஆவும்.”

வைத்துவிட்டு வந்தேன்.