ஒத்தைச் செருப்புக்காரன்

என் மேஜைக்கு வரும் ஷூவில் குறை இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பைனல் செக்கிங். இருபது வருஷமாக இதுதான் வேலை. நூல் தூக்கியிருந்தால் அம்பு. பசை வழிந்திருந்தால் அம்பு. இடதும் வலதும் நிறம் ஒத்துப்போகாவிட்டால் ஜோடியையே திருப்பிவிடுவேன். எங்களிடம் ஒத்தை என்றால் கழிவு. எத்தனை அழகான ஷூவாக இருந்தாலும் ஜோடியைத் தொலைத்துவிட்டால் மூட்டையில்தான் போகும். இந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன் காலைத்தான் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவள் பொம்மை சேர்க்கிறாள் என்றால் யாரும் நம்புவதில்லை. அதற்கும் ஒரு ஷூதான் காரணம். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த சாம்பிள் ஒன்றுக்குள் கையை விட்டபோது, முனையில் ஏதோ விரலை உறுத்தியது. வெளியே எடுத்தால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு சிப்பாய். தலைக்கவசத்தின் மேல் சேவல் கொண்டைபோல ஒரு குஞ்சம், கையில் வட்டக் கேடயம். எந்த ஊர்க் குழந்தை அங்கே படுக்க வைத்ததோ! தூக்கிப் போடச் சொன்னார் சூப்பர்வைசர். நான் டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கிரேக்கப் புராணத்துச் சிப்பாய் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தவர் என் கணவர். சென்னையில் இவற்றை விற்கும் ஒருவரையும் அவரே பிடித்துக் கொடுத்தார். அதன் பிறகு போனஸ் வந்தால் ஒன்று, பிறந்தநாள் வந்தால் ஒன்று என்று கூரியரில் வந்து இறங்கினார்கள். சிறகுள்ள குதிரையில் ஒருவன். நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு ஒரு ராட்சசன். பாம்பின் பற்களை நிலத்தில் விதைக்க, அவற்றிலிருந்து முளைத்த ஐந்து வீரர்கள். இடுப்புவரை இன்னும் மண்ணுக்குள் இருப்பார்கள். காலி ஷூ பெட்டிகளை அடுக்கி அலமாரி செய்து, பெட்டிக்கு ஒருவராக நிற்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்வேன். ஜன்னல் வெயில் ஒவ்வொரு பெட்டியாக நகரும். எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டியது; ரயில் போகும்போது அலமாரி மெல்ல அதிரும், கேடயங்கள் மினுங்கும். பாதித் தூக்கத்தில் அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, கதவிடுக்கு வழியாகப் பாலாற்றுக்குப் போவார்கள். எப்போதும் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் கரை முட்டத் தண்ணீர் ஓடும். அது கனவு என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் எழுந்திருக்க மனம் வராது. தோல் வாசனையே இல்லாத காற்று ஒன்று அங்கே வீசும்.

போன வருஷம் என் கணவருக்குச் சர்க்கரை முற்றி, வேலூர் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதுவரை லாரி ஓட்டியவர். செயற்கைக் கால் ஒன்று செய்து கொடுத்தார்கள். போட்டால் புண் வலிக்கிறது என்று அதை மூலையில் சாத்தி வைத்தார். நான் அதற்கும் ஒரு ஷூ மாட்டி வைத்தேன்.

வீடு திரும்பிய முதல் மாதம், "ஊன்றுகோல வெச்சிக்கினு பஜார் வரிக்கும் போய்ட்டு வர்றேன்" என்று வலது காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான்தான் வாசலில் மறித்தேன்.

"ஒத்தைச் செருப்போடவா? பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க? அந்தக் காலையும் மாட்டிக்கினு ஜோடியா போங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். அதன் பிறகு எட்டு மாதம் வாசலைத் தாண்டவில்லை. கட்டிலில் படுத்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருப்பார். வலி தாங்காமல் கிடக்கிறார் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கூரியரில் அவன் வந்தான். தோளில் ஒரு கிழவியைச் சுமந்து, முழங்கால் அளவு சேற்றிலிருந்து ஏறி வரும் வாலிபன். எத்தனை நேர்த்தியான வேலைப்பாடு! ஆனால் வலது காலில் மட்டும்தான் செருப்பு. இடது கால் வெறுங்கால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது அப்படித்தான் மேடம். பீஸ் கரெக்டா இருக்கு" என்றார்.

"ஒரு கால்ல செருப்பே இல்ல, கரெக்டாம்! யார்கிட்ட பேசறீங்க? நாங்க ஆம்பூர்க்காரங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கம்பெனியில் ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை மெஷினில் காகிதமாகச் சீவி வாங்கி வந்தேன். நகவெட்டியால் நறுக்கி, ஊசிமுனையில் பசை தொட்டு, அரிசி அளவில் ஒரு செருப்பு. வார்கூட வைத்தேன். வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஒரு வாரம் கழித்து, மாலையில் வேலை முடிந்து வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து அவனைக் கையில் வைத்திருந்தார். நகத்தால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். நான் ஒட்டிய செருப்பு போர்வையில் உதிர்ந்து கிடந்தது.

"ஏங்க, எவ்ளோ கஷ்டப்பட்டு ஒட்னது!"

"இவனுக்கு ஒத்தைதாம்மே," என்றார் நிமிராமல். "போன்ல இவன் கதையப் படிச்சேன். கிழவியத் தூக்கிக்கினு ஆத்தத் தாண்டும்போது ஒரு செருப்பு சேத்துல போய்டுச்சு. ஒத்தைச் செருப்போட வர்றவன்தான் உன் நாற்காலியப் புடிப்பான்னு அந்த ஊரு ராஜாவுக்கு முன்னாடியே குறி சொல்லியிருக்காங்க. நீ ஜோடி ஒட்டி அனுப்புனா, அவன் யாருன்னே அந்த ராஜாவுக்குத் தெரியாதே."

பிறகு மெதுவாக, "செருப்பு போச்சேன்னு அவன் வூட்லயே குந்திக்கல," என்றார்.

உதிர்ந்த செருப்பைப் போர்வையிலிருந்து பொறுக்கினேன். வலி அவரை வீட்டில் வைக்கவில்லை; நான்தான் வைத்தேன். என் வீட்டு மனுஷன்மேலேயே அம்பு ஒட்டிவிட்டு, எட்டு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறேன். அழுதேன். அவர் பொம்மையைத் துடைத்து அதன் பெட்டியில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வலது கால் செருப்பை மட்டும் எடுத்துத் துடைத்து, கட்டிலருகே போட்டேன்.

"வேலூர் கோட்டைக்குப் போலாங்களா?"

"ஜோடி இல்லியே."

"ஒத்தை போதும்."

பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கோட்டைக் கோயில் வாசலில், சுவரோரம் என் புதுச் செருப்புக்குப் பக்கத்தில் அவருடைய ஒன்றையும் விட்டோம். உள்ளே கல்தூண்களுக்கு நடுவே ஊன்றுகோல் சத்தம் எதிரொலித்தது. அவர் தூணில் செதுக்கிய ஒவ்வொரு குதிரை வீரனிடமும் நின்று, "இவன் நம்ம பெட்டிக்குள்ள அடங்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோலவே இருந்தது.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை. அவருடைய ஒத்தை மட்டும் சமத்தாக இருந்தது. அதை எவன் எடுப்பான்?

நான் திருடனைத் திட்ட ஆரம்பித்தேன். அவர் ஊன்றுகோலில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது!

"அவனுக்கு ஒண்ணு போச்சு, நாற்காலி கெடச்சிது. உனக்கு ரெண்டுமே போய்டுச்சு. இன்னா ஆவப் போறியோ!"

அகழிப் பாலத்தில் தார் கொதித்தது. வெறுங்காலோடு நான் ஓரத்து நிழலைத் தேடித் தேடி நடந்தேன். அதற்குள் அவர் வெகுதூரம் போய்விட்டார். தண்ணீரின் வெளிச்சம் அவர் சட்டையில் அலைந்தது.

"மெதுவா போங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "பஸ்ஸு போய்டும்மே, சீக்கிரம் வா."