சிங்கி அண்ணாச்சியின் குரல்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் ஏலம் கூறும் பாஸ்கலுக்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் படகுகள் கரை சேர்ந்ததும் அவர் தொண்டையைத் திறந்தால், லாரிக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பார். சீலா, பாறை, விளமீன், ஊளி என்று மூச்சு விடாமல் கூறிக்கொண்டே ஒருவன் சட்டையைக் கிண்டலடிப்பார், இன்னொருவன் மாமியாரை நலம் விசாரிப்பார், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விலையையும் ஏற்றிவிடுவார். வீட்டிலும் அதே சத்தம்தான். “ஏங்க, கொஞ்சம் வாய மூடுங்களேன், தலை வலிக்கு” என்பது மனைவி மெற்றில்டா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவரும் ஜெபம்.

இந்தக் குரல்மேல்தான் பிரைட்டன் கண்வைத்தான். மெற்றில்டாவின் தங்கை மகன். துறைமுகத்தில் கண்டெய்னர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவனும் சேக்காளிகளும் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். மேடை ஏறுகிற குழு இல்லை. ஆட்கள் முகமே தெரியாது, எல்லாம் கார்ட்டூன் பொம்மைகள். டிரம்ஸ் அடிக்க ஒரு நண்டு, கிடார் வாசிக்க ஒரு கணவாய் மீன். பாடத்தான் ஆள் இல்லை.

“பெரியப்பா, நீங்க ஏலம் கூறுதது அப்படியே ஹிப் ஹாப்தான். பீட்டு மட்டும் நான் போட்டுக்கிடுதேன்” என்றான்.

“அந்த எழவெல்லாம் எனக்குத் தெரியாது. மைக்க எடுத்துட்டு வாலே” என்றார் பாஸ்கல்.

சத்தம் வெளியே போகாமல் ஜன்னலில் மெத்தையைச் சாத்திவைத்து, வியர்வை சொட்டச் சொட்ட அவர் கத்தித் தள்ளியதுதான் ‘ஒரு தரம் ரெண்டு தரம்’ என்ற பாட்டு. வீடியோவில் அவருக்குச் சிங்கி இறால் உருவம். கைலி, கூலிங் கிளாஸ், கழுத்தில் தாம்புக்கயிறு மொத்தத்தில் தங்கச் சங்கிலி. பெயர் சிங்கி அண்ணாச்சி. வியாபாரிகளைக் கூடையில் போட்டு மீன்கள் ஏலம் எடுக்கும். தொப்பை பெரிதாக இருக்கிற வியாபாரிக்கு நல்ல விலை.

வீடியோ வெளிவருவதற்கு முன்பே பாஸ்கலுக்குக் குரல் கம்மிவிட்டது. கற்கண்டு, மிளகு எதற்கும் கேட்கவில்லை. பாளையங்கோட்டை டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்து, கட்டி இருக்கிறது என்றார். எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, மாதா காப்பாற்றினாள். ஆனால் மறுபடி சொல்லும்வரை வாயே திறக்கக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று உத்தரவு.

“பழைய குரல் வந்துருமா டாக்டர்?” என்று மெற்றில்டா கேட்டாள்.

“பார்க்கலாம்மா” என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையில் பாஸ்கலுக்கு உறக்கம் போயிற்று. ஏலக்காரனுக்குக் குரல் போனால் வேறு என்னதான் மிச்சம்?

அந்த வாரமே வீடியோ வெளியாகித் தொலைத்தது. முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம்? முதல் வரியிலேயே கடற்கரை முழுக்க ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. டீக்கடையில் அந்தப் பாட்டு, ஐஸ் லாரியில் அந்தப் பாட்டு. “ஏ சிங்கி அண்ணாச்சி, சங்கிலி எத்தன பவுனு?” என்று கேட்காத ஆளில்லை. பதிலுக்கு நாலு விடலாமென்றால் வாய் திறக்க முடியாது. கிண்டலுக்குத் திருப்பிக் கொடுக்காமல் வீடு திரும்பியறியாத மனிதர், கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

அவருக்குப் பதிலாக, அவரிடம் எடுபிடியாக இருந்த ஹென்றி ஏலம் கூறினான். ஜெபமாலை சொல்வது மாதிரி இருந்தது. ஆனாலும் படகுக்காரர் ஒருவர், “பாஸ்கலுக்குச் சரியாவலேன்னா இவனே பாக்கட்டும்” என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குப் பாஸ்கல் சோறு தின்னவில்லை. ஹென்றிமீதுகூட அவருக்குக் கோபமில்லை, அந்த இறால்மீதுதான் வயிற்றெரிச்சல். அவர் குரலைப் பிடுங்கிக்கொண்டு அது மட்டும் ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிகிறதே! போதாக்குறைக்கு மெற்றில்டா வேறு ஓயாமல் அதைப் போட்டுக் கேட்டாள். நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினால், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சொன்ன நாளில் இருவரும் மறுபடி பாளையங்கோட்டைக்குப் போனார்கள்.

“ஆறியிருக்கு. இனி பேசலாம். ஆன்னு சொல்லுங்க” என்றார் டாக்டர்.

பாஸ்கல் சொன்னார். எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கிரீச்சு வந்தது. முதலில் இப்படித்தான் இருக்கும், போகப்போகத் திறக்கும் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. பஸ்ஸில் திரும்பினார்கள். தொண்டையைச் சோதித்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெற்றில்டா மீன் கழுவ உட்கார்ந்தாள். பக்கத்தில் போன். மறுபடியும் இறால் ஆரம்பித்தது. ஒரு தரம்! ரெண்டு தரம்! பாஸ்கலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கி எறியலாம் என்று அடுப்படிக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மெற்றில்டா அழுதுகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிந்த பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாள். இவள் இத்தனை நாளும் பாட்டா கேட்டாள்? புருஷன் குரலையல்லவா கேட்டிருக்கிறாள்! கிறுக்கன், இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

“ஏளா, எதுக்குளா அழுத?”

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கரகரப்பு இருந்தது. ஆனால் அடியிலிருந்து எழும்பிய குரல், அவருடைய சொந்தக் குரல், அடுப்படிச் சுவரில் மோதித் திரும்பியது.

மெற்றில்டா கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். “மாதாவே! இன்னொரு தரம் சொல்லுங்க!”

“எதுக்குளா அழுதன்னு கேட்டேன்” என்று அவர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். போனில் இறாலும் விடாமல் கத்திக்கொண்டிருந்ததில் அவளுக்குப் பாதி கேட்கவில்லை. குனிந்து, செதில் ஒட்டிய விரலாலேயே அதை ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஏலே சிங்கி, வாய மூடு! எங்க வீட்டுக்காரரு பேசுதாரு!”