நான் தேர்ந்தெடுத்த மண்வெட்டி

சூரமங்கலத்தில் ரயில்காரர்கள் வீட்டு வரிசையில் நாங்கள் குடியேறிய புதிது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் வந்து, கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட ஆசை, சாமான் வாங்க நீங்கள்தான் கூட வரவேண்டும் என்றாள். அவள் இராசிபுரத்து நெசவுக்காரர் மகள். தறி தெரியும், மண் தெரியாது. நான் நாமக்கல் பக்கம் நான்கு ஏர் பூட்டும் குடும்பத்தில் பிறந்தவள். ஆகையால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் மண்வெட்டி பிடித்ததெல்லாம் பண்ணையாட்கள். நான் பிடித்தது அவர்களுக்குக் கொண்டுபோன கூழ்ச்சட்டியை மட்டும்தான். இதை அவளிடம் சொன்னால் அப்பாவின் நான்கு ஏருக்கும் என்ன மரியாதை? வருகிறேன் என்றேன்.

சந்தையில் கொல்லர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பானை வாங்கத் தெரியும். அதனால் ஒவ்வொரு மண்வெட்டியையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் அவளும் தட்டினாள். கணீரென்று கேட்ட பெரிய மண்வெட்டி ஒன்று, ஒரு களைக்கொத்து, ஒரு கருக்கரிவாள் எடுத்தோம். புதுப் பிடியாச்சே, ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றார் கொல்லர். இரும்பைப் போய் யாராவது ஊறப் போடுவார்களா? தெரியும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மண்வெட்டி கனத்த கனத்துக்கு, கைக்குழந்தை மாதிரி மாற்றி மாற்றித் தூக்கி வந்தோம்.

மறுநாள் காலை முதல் வெட்டு நான்தான் போட வேண்டும் என்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டு தலைக்கு மேல் ஓங்கினேன். பிடி என் கையில் நின்றது. இரும்பு மட்டும் கழன்று பின்பக்கமாகப் பறந்து, வேலியைத் தாண்டி ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கொல்லையில் போய் விழுந்தது. கட்டை ஊறி இறுகத்தான் தண்ணீர் என்பது எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது.

"இதென்னுங்கக்கா?"

"மொத வெட்டு அப்படித்தான் அம்மிணி. வேலிக்கு அந்தாண்ட போகோணும். எங்கூர்ல அதுதான் முறை."

அவள் பயபக்தியோடு தலையாட்டினாள். பிறகு களைக்கொத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள். அடுத்து கருக்கரிவாளை ஓங்கினாள். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுச் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருடைய மேலதிகாரியின் சேவல்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உடு அம்மிணி. எனக்கு ஒண்ணும் தெரியாது. மம்முட்டிய இன்னிக்குத்தான் மொதமொதல்ல தொடறேன்."

நான்கு ஏரும் தலைகுனிந்த நேரம் அது. அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"பெரிய ஊட்டுக்காரங்க இப்படித்தாங்கக்கா. எல்லாந் தெரிஞ்சும் தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க."

எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவள் நம்பவில்லை. நானும் ஒரு அளவுக்கு மேல் வற்புறுத்தவில்லை. அடுத்த சந்தைக்கு வரிசையிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் கூடையோடு என் வாசலில் வந்து நின்றார்கள். நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.