போத்தலில் வருகிறவர்கள்

எங்கள் தொழிலில் ஆட்கள் முழுசாக வருவதில்லை. ஈரல் ஒரு போத்தலிலும் இரத்தம் இன்னொரு போத்தலிலுமாக அரக்கு முத்திரையோடு வருவார்கள். நான் இரசாயனம் படித்து, கிணற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து தேடும் ஆராய்ச்சி செய்தவள். திருகோணமலை ஆய்வுகூடத்துக்கு வந்த பிறகு அதையே செத்த மனிதர்களுக்குள் தேடுகிறேன். துக்கக்காரருக்கு முன்னால் இருந்து பதில் சொல்லவேண்டிய உத்தியோகம் பார்க்கிற டொக்டர்மார், நேர்ஸ்மார், பொலிஸ்காரரான உங்களுக்கு இந்தக் கதைகள் புதிதாக இராது. நீங்களும் அவர்களிடம் வாங்கிக் கட்டியிருப்பீர்கள்.

எண்ணெய்த் தாங்கி

துறைமுகத்தில் நின்ற பழைய கப்பலொன்றின் எண்ணெய்த் தாங்கியைத் துப்புரவாக்க இறங்கிய கிண்ணியா இளைஞன் ஒருவன் உள்ளேயே செத்துப்போனான். மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். அந்த வெக்கையில் உடல் கெட்டிருந்தது. வேலைக்கு எடுத்த குத்தகைக்காரர், “குடிச்சிட்டு இறங்கினவன்” என்று பொலிசில் சொல்லிவிட்டார். இரத்தத்தைப் பரிசோதித்தேன், கொஞ்சம் மதுசாரம் இருக்கத்தான் செய்தது.

ஆனால் உடல் அழுகும்போது மதுசாரம் தானாகவே உண்டாகும். கண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதை எடுத்துப் பார்த்தேன், மதுசாரம் துளியும் இல்லை. இரத்தத்தில் தாங்கிக்குள் தேங்கிய நச்சுவாயுவின் தடயம்தான் இருந்தது. அவன் குடித்திருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னேன். வெளியே வந்தபோது அவனுடைய வாப்பா வாசலில் நின்றார். அழவில்லை. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: “மகன் மௌத்தானது அல்லாஹ்ட நாட்டம், மேடம். குடிகாரன் எண்டது மனிசன்ட கதை.”

மீன்கறி

கட்டைபறிச்சானில் ஒரு வீட்டில் மீன்கறி சாப்பிட்ட மாமியார் இறந்துபோனார். மகனும் சாப்பிட்டிருந்தார், நாக்கும் உதடும் விறைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பினார். கறி காய்ச்சிய மருமகள் மட்டும் தொடவில்லை. அன்றைக்கு அவளுக்கு விரதம். மாமியாரோடு அவளுக்கு ஒத்துவராது என்பது ஊருக்கே தெரியும். கணவனின் சகோதரிகளான மச்சாள்மார் விடவில்லை. “விரதமெண்டு சொல்லி அம்மாவுக்கு மருந்தைப் போட்டுட்டாள்” என்று முறைப்பாடு கொடுத்தார்கள். அவளைப் பிடித்துச் சிறையில், மறியலில் வைத்தார்கள்.

தெரிந்த பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றுக்கும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விசாரித்த பொலிஸ்காரர், “பிறகென்ன மிஸ், அவள் உங்களுக்கே தெரியாத சாமான் போட்டிருக்கிறாள்” என்றார். எனக்குப் பயம் பிடித்தது. நான் கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பெண் உள்ளேதான். என்ன மீன் என்று கணவனிடம் கேட்டு வரச் சொன்னேன். “பாரை” என்று பதில் வந்தது. பாரை மீன் இப்படி நாக்கை விறைக்க வைக்காதே என்று மனம் கேட்கவில்லை. சட்டியில் மிஞ்சிய கறியைத் திரும்ப எடுத்தேன். சந்தேகப்பட்ட நஞ்சை ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மாதிரி எங்களிடம் இருக்கவில்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். மிஷின் கீறிய கோட்டில் இரண்டின் முகடுகளும் ஒரே இடத்தில் எழுந்து நின்றன. அது, தொட்டால் பந்துபோல் ஊதுகிற பேத்தை மீனின் நஞ்சு.

அதன் பிறகுதான் கணவன் வாயைத் திறந்தார். கிடைத்த பேத்தையை வீணாக்க மனமில்லாமல் தோலுரித்து, துண்டாக்கி, பாரை என்று சொல்லி மனைவியிடம் கொடுத்தது அவர்தான். தாயைக் கொன்றவன் என்று ஊர் சொல்லும் என்ற பயத்தில், மனைவி மறியலுக்குப் போகும்போதும் பேசாமல் இருந்திருக்கிறார். அவளை விடுவித்த அன்று நீதிமன்ற வாசலில் ஓட்டோவோடு காத்து நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மிஷின் எனக்காகக் கதைச்சது, மிஸ். என்ர மனிசனுக்கு வாய் ஏலாமப் போச்சு.”

யானையின் இரைப்பை

தம்பலகாமத்தில் வயல் ஓரமாக ஒரு யானை செத்துக் கிடந்தது. அதன் இரைப்பையில் இருந்ததைப் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்தார்கள். பூச்சிமருந்து இருந்தது. இருப்பதை இருக்கிறது என்று எழுதினேன். ஒரு விவசாயியைப் பிடித்தார்கள்.

அவருடைய அண்ணி எங்கள் ஆய்வுகூட வாசலுக்கு வந்தார். போன போகத்தில் அவருடைய கணவரை யானை அடித்துக் கொன்றிருந்தது. பிடிபட்ட இந்தக் கொழுந்தன்தான் அந்த வீட்டுக்கும் சேர்த்து உழைத்தவர். அறிக்கையை மாற்ற ஏலாது என்று சொல்ல நான் ஆயத்தமாக நின்றேன். அவர் அதைக் கேட்க வரவில்லை. அலுமாரியில் அடுக்கியிருந்த போத்தல்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவரை ஆனை அடிச்ச அண்டைக்கு ஒருத்தரும் போத்தலோட வரேல்லை, மிஸ்.”

இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் நிச்சயமாக நிரூபித்தது ஒன்றுதான்: நஞ்சைப் பிரித்தெடுக்க நல்லதொரு மிஷின் போதும், அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னத்தான் தனியாகத் தைரியம் வேண்டும்.